சாமிக்கு முதுகுப்பக்கம்

அந்தப் பெரிய மலைத்தொடருக்கு ஊரார் முகமும் வைத்திருந்தார்கள், முதுகும் வைத்திருந்தார்கள். ஏரி இருக்கும் சரிவு முகம். சாமி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கை. யாத்திரிகர்கள் விழுந்து கும்பிடுவதும் அங்கேதான். நகரம் இருக்கும் சரிவு முதுகு. முதுகை யார் கும்பிடப் போகிறார்கள்?

அவளுக்கு நகரத்துக் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. கொஞ்ச நாளாகவே குடுவையைத் திறந்தால் குமட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு மருந்து கலந்தாலும் அந்தப் பாழாய்ப்போன வாடை போவேனா என்றது. எல்லாம் அவளுடைய அண்ணன் செய்த கைங்கரியம். மலை முகட்டில் யாத்திரிகர் விடுதி நடத்துகிறவன். சாமியின் முகத்துக்கு நேரே கக்கூஸ் இருப்பது பாவம் என்று எல்லாவற்றையும் முதுகுப்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டான். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுவதெல்லாம் நகரம் குடிக்கும் ஓடைக்குத்தான் வரும் என்பது அந்தப் பக்திமானுக்கு உறைக்கவில்லை போலும் என்று நினைத்தாள்.

வீட்டில் மகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாலும் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு வெடித்துவிட்டது. அதற்குமேல் பொறுக்க முடியாமல், அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அந்தக் கக்கூசையெல்லாம் இடிச்சிடுண்ணே."

"சாமிக்கு முன்னாடி அசிங்கம் பண்ணச் சொல்றியா?"

"தொட்டி கட்டி லாரில அள்ளிட்டுப் போ. உன் மருமக நாக்கு வறண்டு கிடக்கா."

"சாமி மலைத் தண்ணிம்மா. ஒண்ணும் பண்ணாது. நம்பிக்கை வேணும்."

பேச்சை மாற்றுவதற்காக அண்ணி ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். கத்திய களைப்பில் மடமடவென்று குடித்தவள் பாதியில் நிறுத்தினாள். வாடையே இல்லை.

"இது குழாய்த் தண்ணி இல்லையே அண்ணி?"

அண்ணி புருஷனைப் பார்த்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கேன்கள் வரிசையாக நின்றன.

"ஏரிக்கு மேல ஊத்துத் தண்ணி," என்றான் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "தினம் ஜீப்புல வருது. நம்ம பசங்க வயித்துக்கு இந்தத் தண்ணி ஆகலை."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். கூடப்பிறந்தவன் என்று சொல்லவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சோதனைக் குடுவைகூட இவ்வளவு நாறியதில்லை.

"முறைக்காத. உனக்கும் தினம் ஒரு கேன் அனுப்பறேன். ஆபீஸ்ல மட்டும் இந்தப் பேச்சை எடுக்காத."

மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. மகளின் உதடு கண்முன்னே வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, கேனைத் தூக்கினாள்.

தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக்காரி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"கேன்ல என்னக்கா?"

"மண்ணெண்ணெய்," என்றாள் அவள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.