இருபத்தேழாவது வரிசை

சாப்பாட்டு டப்பாவை மூடி வைப்பதற்குள் திரையில் அணி வந்து நின்றது. அறுநூறு குடும்பங்களிடம் கேட்ட நாற்பது கேள்விகள். எந்தப் பதில் எந்தப் பதிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டும் நாற்பதுக்கு நாற்பது எண் கட்டம். கணக்கெடுப்பு அலுவலகத்தில் தரவு சரிபார்க்கும் அவளுக்குச் சல்லடை என்று பெயர். கல் ஒன்றுகூட அவளைத் தாண்டிப் போகாது.

மனிதர்களைவிட இந்த வகை அணி யோக்கியமானது என்பது அவள் கட்சி. எந்தத் திசையில் அளந்தாலும் குறை எண் வராது, மிஞ்சிப்போனால் பூஜ்யம். அறுநூறு வீடுகள் அவரவர் பாட்டுக்கு வாழ்ந்தால் நாற்பது திசையிலும் துளி அசைவாவது தெரியவேண்டும். இதில் மூன்றில்தான் தெரிந்தது. மிச்சம் முப்பத்தேழும் சுத்தப் பூஜ்யம். அசையும் திசைகளின் எண்ணிக்கைதான் அணியின் தரம்; இதன் தரம் மூன்று. கணினி நிரலில் கோளாறோ என்று இரண்டு தடவை மறுபடி ஓட்டினாள், மூன்று அசையவில்லை. படிவங்களை ஒத்துப் பார்த்தாள். மொத்தமே நான்கு படிவங்கள்; நான்குக்கு இடையே மூன்று திசைக்கு மேல் அசைவு வராது. ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பது நகல், முகவரி மட்டும் வேறு.

களப்பணிக்குப் பொறுப்பு அவளுடைய அண்ணன். மேலாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அவள் வாங்கித் தந்த வேலை. போனில் கூப்பிட்டாள்.

"ரெண்டு வாரத்துல அறுநூறு வீடுன்னா யாரால முடியும்? பாதிப்பேரு கதவையே தெறக்கல," என்றான். பிறகு குரல் இறங்கியது. "உன் கையெழுத்துதான் கடைசி. கண்டுக்காம விட்டுடும்மா. இதுவும் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்ல."

"அந்த நாலு படிவம் யாரோடதுண்ணே?"

"நம்மளோடதுதான். அன்னைக்கு உன் வீட்ல உக்காந்து நிரப்பினோமே."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அண்ணனும் அண்ணியும் ஒரு பக்கம், அவளும் கணவனும் எதிர்ப்பக்கம். சும்மா ஒத்திகைதான், பேர் எழுத வேண்டாம் என்றான் அண்ணன். பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி நான்கு பேரும் கையால் மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பேர் இல்லை என்ற தைரியத்தில் அவள் உண்மையை எழுதினாள்.

மறுபடி திரையைப் பார்த்தாள். மூலைவிட்டத்தில் இருபத்தேழாவது இடத்தில் பூஜ்யம். அங்கே பூஜ்யம் விழுந்தால் அந்த வரிசையும் நெடுவரிசையும் முழுக்கப் பூஜ்யமாகிவிடும். இந்த அணிகளின் விதி அது. அதாவது, இருபத்தேழாவது கேள்விக்கு நான்கு பேரும் ஒரே பதில். எடுத்துப் பார்த்தாள்: மனம்விட்டுப் பேச உங்கள் வீட்டில் ஒருவராவது உண்டா?

இல்லை.

அந்தப் பதிலை எழுதிய நாளிலிருந்து திருடியவள்போலத்தான் கணவன் முகத்தைப் பார்த்துவந்தாள். இப்போது பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதலாம், இந்த மனுஷன் எப்படி எழுதலாம்?

போன் அடித்தது. கணவன்தான்.

"சாப்ட்டியா?"

"ம்."

"கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லயே. உங்களுக்கு?"

"எனக்கென்ன. ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டான்.

கையெழுத்துப் போடவேண்டிய தாளில் ஒரே கேள்விதான்: தரவு நம்பத் தகுந்ததா? இல்லை என்றால் சான்று இணைக்கவேண்டும். சான்று என்றால் அந்த நான்கு படிவங்கள். மேலாளர் படிப்பார், பிறகு அலுவலகமே படிக்கும். ஆம் என்று எழுதினால் அண்ணன் பிழைப்பான். யாரும் கேட்காத அறுநூறு குடும்பங்களும் மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் அறிக்கையில் ஏறும்.

நான்கையும் அச்சடித்தாள். சூடு ஆறாத தாள்களை வயதைப் பார்த்து இனம்பிரித்து மேசையில் பக்கம்பக்கமாக வைத்தாள்: அண்ணன், அண்ணி, அவள், அவன். விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தாள். மற்ற இடங்களில் கண்டபடி சிதறிக் கிடந்த குறிகள், இருபத்தேழில் மட்டும் நான்கு தாளுக்கும் குறுக்கே ஒரே நேர்கோட்டில் நின்றன.