உதாரணத்துக்கு ஒரு வரி

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில வாக்கியங்களில் ராஜாக்கள் அதிகம். ‘பிரேவ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ராஜா தைரியசாலியாக இருப்பான். மறுநாள் ‘க்ரூயல்’ கொடுத்தால் அதே ராஜா கொடுமைக்காரனாகிவிடுவான். நாற்பத்தாறு நோட்டிலும் ஒரே ராஜா, ஒரே கைடு. “உங்கள்ல யாராவது ராஜாவை நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த விஷயம் அது.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். தினமும் ஐந்து சொல். ஒவ்வொன்றுக்கும் அர்த்தத்தைத் தமிழில் சொல்லிவிடுவேன். மறுநாள் ஐந்து வாக்கியம் எழுதி வர வேண்டும். எழுதுவது நிஜமாக இருக்க வேண்டும், அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். சொந்த வாழ்க்கையில் ஒரு தடவை பயன்பட்ட சொல் சாகும்வரை மறக்காது என்பது என் கட்சி.

பலன் இருந்தது. ‘எங்கள் அண்ணன் குளியலறையை ஆக்கிரமிக்கிறான்’ என்று ஒரு பயல் எழுதினான். ‘எங்கள் அப்பா கோபத்தை மிகைப்படுத்துகிறார்’ என்று ஒரு பெண் எழுதினாள். ஆசிரியர் அறையில் இதையெல்லாம் வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். ஒரே மாதத்தில் பிள்ளைகளின் சொல்வளம் கூடிவிட்டது என்று தலைமையாசிரியை மீட்டிங்கில் என்னைப் பாராட்டினார். நானும் கொஞ்சம் மிதந்தேன்.

நான் திருத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். லீடர் நாற்பத்தாறு நோட்டையும் அன்றைய பக்கத்தைத் திறந்தபடியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிடுவாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தால் ஒரு பீரியடுக்குள் அத்தனையும் முடிந்துவிடும். டிக், குட், வெரி குட், அடுத்தது. முந்தின பக்கத்தைப் புரட்ட நேரமும் கிடையாது, தேவையும் இல்லை. அந்த வேகத்தில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று வெள்ளிக்கிழமை சொன்னார்கள். அதிகாரி என் வகுப்புக்குத்தான் வருகிறாராம், ஒரு நல்ல நோட்டாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னார் தலைமையாசிரியை. யோசிக்கவே இல்லை. பென்சிலுடைய நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பென்சில் என்பது வகுப்பு வைத்த பெயர். ஒல்லியாக, நெட்டையாக, ஜன்னலோரம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண். வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் வாக்கியங்கள் மற்ற பிள்ளைகளின் வாக்கியங்களைப் போல இருக்காது. ஏதோ ஒரு கனம் இருக்கும். அதனால் அவளுக்கு எப்போதும் வெரி குட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நின்றபடியே அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒரு பிள்ளையின் நோட்டை வரிசையாகப் படிப்பது அதுதான் முதல் தடவை.

‘நோட்டீஸ்’, கவனித்தல் என்ற சொல்லுக்கு எழுதியிருந்தாள்: ‘குளிக்கும்போது ஒரு சின்னப் பந்தை நான் கவனித்தேன்.’ பக்கத்தில் என் டிக். பிள்ளை குளிக்கிற இடத்தில் விளையாட்டுப் பந்து கிடந்தது என்று அன்றைக்கு நினைத்திருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து, ‘கிராஜுவலி’, சிறிது சிறிதாக: ‘அது சிறிது சிறிதாகப் பெரிதாகிறது.’ ‘எது? விளக்கமாக எழுது’ என்று சிவப்பில் கேட்டிருந்தேன்.

‘கன்சீல்’, மறைத்தல்: ‘இடது பக்கத்து வலியை எல்லோரிடமும் மறைக்கிறேன்.’ குட்.

‘போஸ்ட்போன்’, தள்ளிப்போடுதல்: ‘ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறேன்.’ வெரி குட். அதற்குக் கீழே ஒரு நட்சத்திரம் வேறு வரைந்திருந்தேன்.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அது பந்து இல்லை, கட்டி. கட்டி என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. நானும் சொல்லித்தரவில்லை. பதிமூன்று வயதுப் பெண் உடம்பில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு ஏழு வாரமாக எனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளிப் பதிவேட்டை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்த எண்ணுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அரை மணிக்கு ஒரு தடவை அடித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

“பசங்க எழுதறதெல்லாம் நிஜமாவா இருக்கும்?” என்றார் என் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நிஜத்தை மட்டும்தான் எழுதணும்னு சட்டம் போட்டவளே நான்தாங்க!”

“அப்ப போட்டவங்கதான் படிச்சிருக்கணும்” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மணியடிப்பதற்கு முக்கால் மணி முன்பே பள்ளி வாசலில் நின்றேன். பென்சில் வந்ததும் கையைப் பிடித்துக் காலியான ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பயந்துவிட்டாள்.

“எங்கேம்மா வலிக்குது? டீச்சர்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்.”

“எனக்கா? எனக்கு எங்கயும் வலிக்கலையே டீச்சர்.”

நோட்டைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. “ஓ, இதுவா? இது அம்மா சொன்னது டீச்சர்.”

“அம்மாவா?”

“நீங்க வீட்ல நடந்ததைத்தான் எழுதணும்னு சொன்னீங்கல்ல? எனக்கு ஒண்ணுமே நடக்கல டீச்சர். சாப்பிடறேன், தூங்கறேன், ஸ்கூலுக்கு வர்றேன். அதான் அம்மாகிட்ட சொல்லோட அர்த்தத்தைச் சொல்லுவேன். அம்மா ஒரு வரி சொல்லுவாங்க. நான் இங்கிலீஷ்ல எழுதிடுவேன்.” பிறகு சந்தேகம் வந்து, “அப்படி எழுதினா தப்பா டீச்சர்?” என்றாள்.

“தப்பில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லையே. நானும் கேட்டேன். சும்மா உதாரணத்துக்குத்தாண்டி சொல்றேன்னு சொன்னாங்க. ஆனா தினம் நான் வீட்டுக்குப் போனதும், டீச்சர் என்ன போட்டாங்கன்னு கேப்பாங்க. வெரி குட்னு சொல்லுவேன். சரின்னு வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க.”

அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினேன்.

தலைமையாசிரியை அறை வாசலில் புது மேஜைவிரிப்போடு நின்றுகொண்டிருந்தார். “ஒரு அவசரம் மேடம், வெளியே போகணும்” என்றேன்.

“இன்னிக்கா? பத்தரைக்கு உங்க கிளாஸ்!”

“மீதி நாற்பத்தஞ்சு நோட்டும் மேஜைமேல இருக்கு. எல்லாத்துலயும் டிக் இருக்கு. அதிகாரிக்கு அது போதும்.”

இப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. பதிலுக்குக் காத்திராமல் நடந்தேன். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. நான் முழு வழியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலியான சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனேன்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் லாண்டரி அது. உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. மெஷின்கள் போட்ட சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. இஸ்திரி உருளையிலிருந்து வெள்ளை விரிப்புகள் வந்து விழுந்தபடி இருந்தன. கைவண்டி நிறைய மடிக்காத விரிப்புகள். அதற்குப் பின்னால் நின்றவளுக்குப் பென்சிலின் அதே நெட்டை, அதே முகம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். “டீச்சரா? பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?”

“அவ எதுவும் பண்ணலைங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.”

அவள் கண் நோட்டுக்குப் போயிற்று. புரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். “இந்த வண்டியை முடிக்காம நகர முடியாது டீச்சர். திங்கட்கிழமை. சனி ஞாயிறு தங்கினவங்க துணியெல்லாம் இன்னிக்குத்தான் வரும். கூட மடிக்கிறவளும் லீவு.”

நான் பையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மறுபக்கத்து முனைகளைப் பிடித்தாள். உதறி, இழுத்து, இரண்டாக மடித்து, எதிரெதிராக நடந்து வந்து கைக்குக் கை சேர்த்தோம். கிட்டே வரும்போது மட்டும்தான் பேச முடிந்தது.

“எங்க இருக்கு?” என்றேன்.

“மார்புல. இடது பக்கம்.” விலகிப்போய் அடுத்த விரிப்பை எடுத்தாள். திரும்பி வந்தபோது, “பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“இல்லை.”

“சொல்லாதீங்க. எங்களுக்கு வேற யாரும் இல்லை. பயந்துடுவா.” அடுத்த மடிப்பு. “உதாரணம்னு சொன்னா பயப்பட மாட்டா. அதான் அப்படிச் சொன்னேன்.”

“ஆஸ்பத்திரிக்கு ஏங்க போகலை?”

“லேடி டாக்டர் திங்கட்கிழமை மட்டும்தான் வர்றாங்க. பதினொண்ணரைக்கு டோக்கன் மூடிடுவாங்க. திங்கட்கிழமை லீவு கேட்டா அப்புறம் வரவே வேணாம்னு சொல்லிடுவாரு சூப்பர்வைசர்.”

நான் கைவண்டியைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிடம். வேகமாக மடித்தேன். என் மடிப்பு கோணலாக விழுந்தது. அவள் அதை நேராக்கினாள்.

“ஒண்ணு கேட்கட்டுமா?” என்றேன். “ஏழு வாரமா எனக்குச் சொல்லியிருக்கீங்க. நான் கேட்கலைன்னதும் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாமே?”

அவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்திருந்தால் தேவலை.

“யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு டீச்சர். நீங்க படிச்சவங்க. பெரிய விஷயமா இருந்தா நீங்க விட மாட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க வெரி குட்னு போட்டீங்க. சரி, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல போலிருக்குன்னு விட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் பரவாயில்லை என்பாள், அதைத் தாங்க முடியாது. மீதி விரிப்புகளை ஓட்டமாக மடித்து முடித்தோம். சூப்பர்வைசர் எதிரே வந்தபோது, “நான் இவங்க பொண்ணோட டீச்சர். இவங்களைக் கூட்டிட்டுப் போறேன். வண்டி முடிஞ்சாச்சு. வேலையை விட்டு எடுக்கறதா இருந்தா என்கிட்ட எழுதிக் கொடுங்க” என்றேன். வகுப்பில் கத்துகிற அதே குரல். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உபயோகப்பட்டது. அவர் வழிவிட்டார்.

டோக்கன் கிடைத்தபோது பதினொன்று இருபத்தெட்டு. பெஞ்சில் அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். நான்தான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். “உட்காருங்க டீச்சர், எனக்குத் தலை சுத்துது” என்று அவளே சொன்னாள்.

டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் வெகு நேரம் பரிசோதித்தார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டே, “ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும். இன்னிக்கே பண்ணிடலாம்” என்றார். அவர் குரலில் இருந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை. “எவ்வளவு நாளா இருக்கு?”

“இப்பத்தாங்க. கொஞ்ச நாளா” என்றாள் அவள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

இங்கேயும் மறைக்கிறாள். நான் நோட்டை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தேன். என் வகுப்பில் தேதி போடாத பக்கத்துக்கு மார்க் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருந்தது.

டாக்டர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பந்தைக் கவனித்த நாள், அது வளர்ந்த நாள், வலி தொடங்கிய நாள். சீட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். என்னைப் போல அவசரப்படவில்லை. ஒரு வரியையும் விடவில்லை. நட்சத்திரம் போட்டிருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இந்தச் சிவப்பு மையில எழுதினது யாரு?”



“எங்க டீச்சர்தாங்க” என்றாள் அவள், என்னைக் காட்டி, பெருமையாக. “ஒரு நாள்கூட விட மாட்டாங்க. எல்லாத்தையும் படிச்சுத் திருத்திடுவாங்க.”