மார்ஷலின் மீசை

"இது யாரு?" என்று கேட்டாள் டார்லா.

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த ஈமச்சடங்கு நிலையக்காரன் லைல் பெங்கஸ், சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தான். பெட்டிக்குள் பார்த்தான். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தான்.

"உங்க அப்பாதாங்க. வெண்டல் டெக்கர்ட், வயசு எண்பத்துநாலு."

"எங்கப்பாவுக்கு மீசை கிடையாது."

பெட்டியில் படுத்திருந்தவருக்கு இருந்தது. இருந்தது என்று சொன்னால் போதாது. மூக்குக்குக் கீழே தொடங்கி, இரண்டு கன்னங்களிலும் வழிந்து, தாடைவரை இறங்கி, அங்கே மனம் மாறி மேல்நோக்கி வளைந்த மீசை. இரண்டு சிட்டுக்குருவிக் குடும்பங்கள் பக்கத்துக்கு ஒன்றாக அதில் வாடகைக்கு இருக்கலாம். இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டுக்குக் கேட்காது. எண்பத்துநாலு வருடம் பீங்கான் தட்டுபோல வழவழப்பாக இருந்த மேலுதடு, செத்த மூன்றாம் நாள் இப்படி ஒரு விளைச்சல் கண்டிருந்தது.

"நாலு மணி நேர வேலைங்க," என்றான் லைல், கொஞ்சம் பெருமையோடு. "நிஜ முடி. விச்சிட்டா நகரத்திலேர்ந்து வரவழைச்சேன்."

"யாரைக் கேட்டு?"

"நீங்கதானே சொன்னீங்க, ஏதாவது ஒரு படத்தைப் பார்த்துப் பண்ணிக்கோங்கன்னு." கோட்டுப் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து நீட்டினான். பெட்ரோல் பங்கில் கல்லாவுக்குப் பக்கத்தில் விற்கிற அட்டை. கறுப்புத் தொப்பி, நெஞ்சில் நட்சத்திரம், அந்த மீசை. கீழே அச்சிட்டிருந்தது: மார்ஷல் ஆசா கிரிம்ஸ், ஆர்டெல் பழைய சிறை அருங்காட்சியகம், கான்சஸ்.

"லைல், இது மனுஷன் இல்ல. பொம்மை."

"தெரியுங்க. ஆனா முகம் அவரோடதுதானே. நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, மீசை இல்லாம அவரைப் பார்த்ததே இல்லியே."

அவன் அவரைப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. அட்டையைப் பார்த்திருக்கிறான்.

ஆனால் ஏதாவது ஒரு படம் என்று அவள் சொல்லியிருக்கவும் கூடும். பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியதில் டார்லாவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. யார் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டுவதுபோலவே இருந்தது. அந்தக் கழுத்தை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்க வீட்டுக்கென்று பதினேழு பாத்திரம் உருளைக்கிழங்கு கேசரோல் சுட்டுக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள், கேட்காமலே செருப்பைக் கழற்றிக்கொண்டன.

"அஞ்சு மணிக்கு ஊர் பார்க்க வரும். இப்ப மூணு. மீசையை எடுத்துடுங்க."

"எடுத்தா தோலும் சேர்ந்து வந்துடும்ங்க. பசை அப்படி."

ஊர்க்காவல் தலைவராக, அதாவது மார்ஷலாக, இருந்த ஆசா கிரிம்ஸ் 1879-இல் ஆர்டெல் சிறையின் வாசலில், மாட்டுத் திருடன் ஒருவனால் முதுகில் சுடப்பட்டுச் செத்தவர். அவருக்கு ஒரு புகைப்படமும் கிடையாது. 1974-இல் அந்தச் சிறையை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கைவிலங்கு கிடைத்தது, பிடிவாரண்டுகள் கிடைத்தன, அசல் தூக்குக் கயிறு இதுதான் என்று மூன்று பேர் மூன்று கயிறு கொண்டுவந்தார்கள். மார்ஷலுக்கு முகம் மட்டும் கிடைக்கவில்லை. அன்று அங்கே சாக்கடைக் குழாய் பார்க்க வந்திருந்தவர் வெண்டல். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல்களைச் செருகிக்கொண்டு, முகத்தில் அப்பிய பிளாஸ்டர் காயும்வரை நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் படுத்திருக்க அந்த ஊரில் சம்மதித்த ஒரே ஆள் அவர்தான். வார்த்தெடுத்துப் பார்த்தால் முகம் ரொம்பச் சாதுவாக இருந்தது. குதிரைவாலை வெட்டி மீசை ஒட்டினார்கள்.

அதன்பிறகு அந்த முகத்தைப் பிடிக்க முடியவில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சித்திரமாக ஏறியது. பேன்கேக் கடையின் மெனுவில் உட்கார்ந்தது. நான்காம் வகுப்புப் பாடப் புத்தகத்துக்குள் போனது. பத்திரிகை ஒன்று ‘இதுவரை வெளிவராத அரிய புகைப்படம்’ என்று போட்டது. பொம்மைக்கு வந்த வாழ்வைப் பார்த்த வெண்டல் தானும் ஒரு மீசையை ஒட்டிக்கொண்டார். கோடைக்காலச் சனிக்கிழமைகளில், காலை பதினோரு மணிக்கு ஒருமுறையும் மாலை மூன்று மணிக்கு ஒருமுறையும், சிறை வாசலில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முன்னால், சுடப்பட்டுச் சாகத் தொடங்கினார். முப்பத்தெட்டு வருடம் செத்தார்.

டார்லாவின் நீச்சல் போட்டிகள் சனிக்கிழமையில் வந்தன. முதல் கல்யாணம் சனிக்கிழமை, அவர் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தார், மூன்று மணி ஆட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று மீசையோடு. கல்யாண ஆல்பத்தில் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போவது ஆசா கிரிம்ஸ்தான்.

கதவைத் தட்டாமல் ஃபிலிஸ் ஆக்டன் உள்ளே வந்தார். அருங்காட்சியகக் குழுவின் தலைவி. குழுவில் மற்ற இருவரும் இறந்துவிட்டதால் செயலாளரும் பொருளாளரும் அவரேதான். கூட்டம் நடத்த வேண்டுமென்றால் கண்ணாடிமுன் உட்கார்ந்தால் போதும். கையில் தொப்பிப் பெட்டி வைத்திருந்தார்.

சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஆசா மாதிரியே இருக்காரு," என்றார்.

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன் மிஸஸ் ஆக்டன்," என்றாள் டார்லா.

"தொப்பியையும் நட்சத்திரத்தையும் வெச்சுட்டா முடிஞ்சுது. நட்சத்திரம் அசல் இல்ல டார்லா, அசலைக் கட்டடத்தைவிட்டு வெளியில எடுக்க விதி இல்ல. இது நம்ம கடையில விக்கிறது." நட்சத்திரத்தின் முதுகில் விலைச்சீட்டு இருந்தது.

"மீசையை எடுக்கச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"எங்கப்பாவை அடக்கம் பண்ணலாம்னு."

ஃபிலிஸ் தொப்பிப் பெட்டியைக் கீழே வைத்தார். "இங்க பாரு. நாளைக்கு எட்டு ஊர் மியூசியத்திலேர்ந்து ஆளுங்க வராங்க. குதிரை ரெண்டு சொல்லியிருக்கேன். பேப்பர்லேர்ந்து ஒருத்தன் வரேன்னு சொல்லியிருக்கான். கூரை ஒழுகுதும்மா. போன ஜூலை பூரா நாப்பத்தோரு பேர் வந்தாங்க, அதுல பாதிப் பேர் டாய்லெட் எங்கன்னு கேட்டு வந்தவங்க. மார்ஷலை அடக்கம் பண்றோம்னு ஒரு படம் வந்துச்சுன்னா..." எழுபத்தாறு வயதுக் குரல் வழியிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டது.

"மார்ஷலை அடக்கம் பண்ண முடியாது மிஸஸ் ஆக்டன். அவரு ஜெயில் வாசல்ல நிக்கிறாரு. வாரா வாரம் நீங்கதான் தூசி தட்டுறீங்க. அவரு உங்களுக்கு. இவரு எனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்குக் கழுத்து நேராக இருக்க வேண்டும்.

ஃபிலிஸ் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினார். அது வரவில்லை. "தொப்பியை மட்டும் பக்கத்துல வெக்கலாமா? தலையில வேண்டாம்."

"வேண்டாம்."

"சரி," என்றார் ஃபிலிஸ். எல்லாவற்றையும் தொப்பிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஆனால் போகவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பின்கதவில் யாரோ செருமினார்கள். முப்பத்தெட்டு வருடம் வெண்டலை முதுகில் சுட்ட டப் ஹார்னிஷ். எண்பது வயதை நெருங்கிய மாட்டுத் திருடன். இருபது கிலோ எடை அதிகமாக இருந்த காலத்தில் தைத்த கோட்டுக்குள் எங்கேயோ இருந்தார்.

"பின்பக்கமாவே வந்துட்டேன் கண்ணு, பழக்கம்," என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சவப்பெட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எவன் ஒட்டினது இது? இடது பக்கம் தூக்கிட்டு நிக்குது."

லைல் தரையைப் பார்த்தான்.

"எடுக்கணும் டப். தோல் வந்துடும்னு சொல்றாரு."

"பிச்சா வரும். எண்பத்துமூணாம் வருஷம் ஒருநாள் அவசரத்துல பிச்சுட்டான், ரெண்டு வாரம் ஸ்ட்ரா போட்டுத்தான் காப்பி குடிச்சான். கோல்டு கிரீமைத் தடவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா விடணும்." சுற்றிலும் பார்த்தார். "ஃபிலிஸ், உன் கைப்பையில இல்லாத பொருள் உண்டா?"

ஃபிலிஸ் கைப்பையைத் திறந்தார். யோசித்தார். பிறகு கிரீம் டப்பாவை எடுத்து, டார்லாவிடம் கொடுக்காமல், மேசையின் ஓரத்தில் வைத்தார்.

டார்லா அதை எடுத்துத் தானே தடவினாள். தோல் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. மீசையின் ஓரமாகச் சுண்டுவிரலை ஓட்டினாள். அப்பாவின் முகத்தை அவள் கடைசியாக எப்போது தொட்டாள் என்று நினைவு வரவில்லை.

"தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு தடவை கொன்னிருக்கேன்," என்றார் டப், பெட்டியின் கால்பக்கமாக நின்று. "ஆயிரம்னு சொல்லிக்கலாம்டான்னான். நான் ஒத்துக்கல. பண்ணாத கொலையை எதுக்கு நான் தலையில போட்டுக்கணும்? முதல் வருஷமெல்லாம் சுட்ட உடனே யோக்கியமா விழுவான். அப்புறம் பேச்சு வந்துச்சு. அம்மாவுக்குச் சேதி சொல்லுங்க, குதிரைக்குத் தண்ணி காட்டுங்க, ஜட்ஜ்கிட்ட இதைச் சொல்லுங்க. குழந்தைங்க கையில ஐஸ்கிரீம் உருகி, அதுக்கு எறும்பு வந்து, எறும்பு தின்னு முடிச்சு வீடு போய்ச் சேர்ந்துடும். இவன் இன்னும் செத்துட்டிருப்பான். நான் வெயில்ல துப்பாக்கியை நீட்டிட்டு நிக்கணும்."

ஃபிலிஸ் சிரித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. மூக்கைச் சிந்தியதாகவும் இருக்கலாம்.

டப் குரலைத் தணித்தார். "கடைசியில ஏதாவது பேசினானா, கண்ணு?"

டார்லாவின் விரல் நின்றது.

ஆஸ்பத்திரியிலும் அவர் செத்துப் பழகிக்கொண்டுதான் இருந்தார். தலை இடது பக்கம் விழும், ஒரு முழங்கால் துள்ளும், பிறகு யார் அழுகிறார்கள் என்று பார்க்க ஒரு கண் பாதி திறக்கும். இரண்டு நர்ஸுகள் ஏமாந்து ஓடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தபோது தலை இடது பக்கம் விழுந்தது. "போதும்பா, சூப் ஆறுது," என்றாள். கண் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் பசித்தது, அந்தச் சூப்பிலேயே இரண்டு கரண்டி குடித்தாள். "ஆளு யாரும் பார்க்கல, எழுந்திரிங்க," என்றுகூடச் சொன்னாள். சூப்பின்மேல் ஆடை படிந்த பிறகுதான் மணியை அழுத்தினாள். இதை அவள் நர்ஸிடம் சொல்லவில்லை. பாதிரியாரிடமும் சொல்லவில்லை.

"பேசினாரு," என்றாள்.

"ரொம்ப நேரமா?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

டப் அதை மனதில் எடைபோட்டார். "ரெண்டே நிமிஷமா," என்றார். "பாவம், ரொம்ப முடியாமத்தான் இருந்திருக்கு."

மீசை, முனகாமல், முழுசாக வழுக்கி அவள் கையில் வந்தது. அவள் அதை ஒரு காகிதத் துண்டில் வைத்து லைலிடம் கொடுத்தாள். அடியில் இருந்த வாய் சின்னது. உதடுகள் லேசாகப் பிரிந்து, அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்று தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று தயக்கத்தோடு கேட்கப்போகிற மனிதனின் வாய். லைல் பசை இருந்த இடத்தில் பவுடர் ஒற்றினான். நன்றாகவே ஒற்றினான்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வெளியே ஆர்டெல் காற்று, கோழி இங்கே முட்டையிட்டால் அடுத்த ஊரில் போய்ப் பொறுக்க வேண்டிய காற்று, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதில் சாய்ந்தபடி தெருமுனைவரை வரிசை நின்றது.

முதலில் பேன்கேக் கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். பெட்டிக்குள் பார்த்தார்கள். "மன்னிக்கணும்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, வந்த வழியே வெளியே போய் வாசல் பலகையில் பெயரைப் படித்தார்கள். அடுத்து வந்த மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். முப்பத்தெட்டு வருடம் சனிக்கிழமைகளில் ஊர் பார்த்தது மீசையை. மற்ற நாட்களில் வெண்டலின் தலை யார் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னாலோ இருந்தது. ஊர் பார்த்தது முதுகை. வயதான பிறகு அவர் வெளியே வரவுமில்லை. தடம் தெரியாமல் வரிசை பிரிந்து அடுத்த அறைக்குள் போனது. அங்கே இன்னொரு சவப்பெட்டியில் படுத்திருந்த மிஸஸ் ஹோல்ப் என்ற தொண்ணூற்றாறு வயது அம்மாளுக்கு, ஆயுளில் காணாத கூட்டம் அன்றைக்குக் கூடியது. அவருடைய ஒரே மருமகன் கைகுலுக்கிக் கைகுலுக்கித் திகைத்துப்போனான்.

சுவரோர நாற்காலியிலிருந்து ஃபிலிஸ் டார்லாவைப் பார்த்தார். தொப்பிப் பெட்டியின் மூடியில் கை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

டார்லா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பத்தாருக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தைவிட்டு எழுந்து, அறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"டெக்கர்ட் இங்கதான். இந்தப் பக்கம் வாங்க." சாய்ந்த கழுத்தோடு கையை நீட்டிக் காட்டினாள். "ஆமா, இவர்தான். அந்த மீசை ஒட்டினது. இது அவரே. உள்ள வாங்க. இவர்தான். எங்கப்பா."

இருபது பேருக்குச் சொன்னாள். முப்பது பேருக்குச் சொன்னாள். அவர்கள் உள்ளே வந்து, பெட்டிக்கு நாலடி முன்பாகவே, அங்கேயும் அருங்காட்சியகக் கயிறு கட்டியிருப்பதுபோல நின்றார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மில் ரோட்டிலிருந்து வந்த பருத்த பெண்ணொருத்தி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெகுநேரம் அப்படி நின்றாள்.

"நிஜமாவே இவரா?" என்றாள்.

"இவர்தான்."

அவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையும் நகரவில்லை.

"கிட்ட போய்ப் பாருங்க," என்றாள் டார்லா. "தொடலாம்."

அந்தப் பெண் கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டடி முன்னே போனாள். ஒரு விரலை மட்டும் நீட்டி, வெண்டலின் கோட்டுக் கையைத் தொட்டாள். பின்னால் நின்றவர்கள் முதுகிலிருந்த கைகளை அவிழ்த்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள்.