பத்தொன்பதாவது கேள்வி

மதுவிலக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் முகத்துவாரக்குப்பத்தில் வீடு வீடாக ஏறி, "உங்க வீட்டுப் பிள்ளைங்க சாராயம் குடிக்கிறாங்களா?" என்று கேட்டால் யார் ஆமென்பார்கள்? குணசுந்தரி முப்பத்தேழு வீடு கேட்டுவிட்டாள். முப்பத்தேழிலும் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' கதைதான். காலேஜ் டீச்சரான அவள் வந்தது வயசுப் பிள்ளைகளின் மனசையும் குடியையும் பற்றி ஆராய்ச்சி செய்ய. குப்பத்துக்காரர்களோ, கையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்ததும் போலீசு அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டினார்கள்.

முப்பத்தெட்டாவது வீட்டில் மங்கம்மா, வந்தவள் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எழுதிக்கோ டீச்சரம்மா. எம்புள்ள மனோகரன், பதினாறு வயசு, பெரிய குடிகாரன். தெனம் விடிஞ்சா நாறிகினு கீறான்."

போலீசுக்குப் பயப்படாத தாயும் உண்டா? குணசுந்தரி ஆச்சரியத்தோடு பத்தொன்பதாவது கேள்வியைக் கேட்டாள்: பழக்கிவிட்டது யார்?

"தோஸ்துங்கதான். வேற யாரு?"

மனோகரன் வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். சட்டையில் சாராய வாடை குப்பென்று அடித்தது. ஆனால் வாயில் அது இல்லை. ஊசியும் ஒரு வலைக்கண்ணைக்கூடத் தவறவிடவில்லை.

"நீ குடிக்கிறியாப்பா?"

"என் சட்டதான் குடிக்குது டீச்சர்" என்றான், சிரிக்காமல்.

மங்கம்மா அவளைத் தனியே இழுத்துப் போய் அழுதாள். பெரிய மகன் வரதன் போன ஐப்பசியில் கட்டுமரம் கவிழ்ந்து செத்தான். காரியம் முடிந்த மறுநாளே தகப்பன் பொன்னுரங்கம் சின்னவனை மரத்தில் ஏறச் சொன்னான். பையன் மரத்தைத் தொடவே பயந்து பின்வாங்கினான். குடித்தவனைக் கடலுக்குக் கூட்டிப்போவதில்லை என்பது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. அதனால் தினமும் மகன் சட்டையில் சாராயத்தைத் தெளித்து விட்டாள் தாய். பயந்தாங்கொள்ளி என்ற பேருக்குக் குடிகாரன் என்ற பேர் தேவலை என்பது அவள் நினைப்பு.

குணசுந்தரிக்கு மனசு இளகியது உண்மைதான். ஆனால் குடிக்காத பையன் அவள் ஆராய்ச்சிக்கு எதற்கு? 'பொய்த் தகவல்' என்று எழுதி அந்தத் தாளைக் கழித்துவிட்டு, முப்பத்தொன்பதாவது வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது, மனோகரனுக்குச் சட்டையோடு வாயும் நாறியது. ஊசி குத்தி விரலில் ரத்தம். அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"என்னப்பா இது?"

"எவனும் என்னாண்ட பேசறதில்ல டீச்சர். அண்ணன் நெனப்பு வந்தா யாராண்ட சொல்றது? குடிகாரன்னு பேரு வந்தாச்சு. பாட்டிலும் வூட்லயே கீது. ஒருநாள் குடிச்சுப் பாத்தேன். தூக்கம் வந்துச்சு."

அன்றைக்கே இவன் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் என்ன என்று குணசுந்தரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உள்ளே போய் மங்கம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

மங்கம்மா விடுவிடுவென்று கடற்கரைக்கு நடந்தாள். குணசுந்தரி காகிதக் கட்டோடு பின்னாலேயே ஓடினாள். கரையேறிய கட்டுமரங்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் நடுவில் போய் நின்று, புருஷனைப் பார்த்துச் சொன்னாள் மங்கம்மா:

"யோவ், எம்புள்ள குடிகாரன் இல்ல. நான்தான் அவன் சட்டையில ஊத்தினேன். இன்னொருத்தன கடலுக்குக் குடுக்க என்னால முடியாதுய்யா. இப்ப நெசமாவே குடிக்க ஆரம்பிச்சுட்டான். என்னிய இன்னா வேணா செய்யி."

யாரோ ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். பொன்னுரங்கம் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான்.

"அவன் மரத்துல ஏற வாணாம்" என்றான் பொன்னுரங்கம் கடைசியில். "கரையில வலை வேல பாக்கட்டும். குடிய வுடவெக்கறது எம்பொறுப்பு." பிறகு குணசுந்தரி பக்கம் திரும்பினான். "அந்தப் பேப்பர்ல இன்னாம்மா கேட்டுகீது?"

அவள் பத்தொன்பதாவது கேள்வியைப் படித்துக் காட்டினாள்.

"என் பேர எழுது" என்றாள் மங்கம்மா.

"என் பேரயும் எழுதும்மா" என்றான் பொன்னுரங்கம். "அவன் பயந்தத நான் பாத்தேன். பாக்காத மாறி இருந்துட்டேன்."

கட்டிலிருந்து புதிதாக உருவிய அச்சுத் தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு பேருக்குத்தான் இடம் இருந்தது. குணசுந்தரி நெருக்கி நெருக்கி இரண்டு பேரையும் எழுதினாள். அவற்றின் கீழே, மூன்றாவதாக, தன் பேரையும் எழுதினாள்.