மேனேஜருக்கு ஊசி

மாவு மில்லில் மூட்டை தைக்கிற அக்காவுக்கு அன்று காலை வலது கையைத் தூக்கவே முடியவில்லை. கோணி ஊசியை ஒரு இழுப்பு இழுப்பதும் கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதுமாக இருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

பக்கத்தில் மேனேஜரும் சுருண்டு கிடந்தது. மேனேஜர் என்பது மில்லின் பூனை. பகலெல்லாம் தூங்கிவிட்டு எழுந்து எல்லாரையும் முறைக்கும் என்பதால் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். மாவு வாங்குகிற ரொட்டிக் கம்பெனிக்காரர்கள், தடுப்பூசி போட்ட பூனைதான் மில்லுக்குள் இருக்கலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டதால், அதற்கு ஊசி போட்டு இன்றோடு மூன்றாம் நாள். அன்றிலிருந்து பால்கூடக் குடிக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அக்காதான் துணியை நனைத்து அதன் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஊசி போட வந்த அன்று, சல்லடைக்கு அடியில் ஒளிந்திருந்த மேனேஜரை இழுத்து வந்தவளும் அவள்தான். அவள் மடிக்கு மட்டும்தான் அது வரும். அன்று மிரண்டுபோய் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்துக் கேட்ட மேஸ்திரியிடம், கோணி ஊசி குத்திவிட்டது என்றாள். முன்பு இருந்த பூனை ஒருவரைக் கடித்தபோது, முதலாளி அதைச் சாக்கில் போட்டு எங்கேயாவது விட்டுவரச் சொன்னார். அந்தச் சாக்கின் வாயைத் தைத்தவள் அவளேதான். உள்ளே அது கத்திய கத்தல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அன்றே மேஸ்திரி கொடுத்த அரை நாள் லீவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே உண்மையைச் சொல்லி, வலது தோளில் வெறிநோய் ஊசி போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கண்டிப்பாக அடுத்த ஊசி, தவறினால் உயிருக்கே ஆபத்து என்றார் நர்சம்மா. அந்த மூன்றாம் நாள் இன்றுதான். பகல் பன்னிரண்டு மணிக்குச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

காலையிலேயே அவள் மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"கோணி ஊசி குத்தினதுக்கு எத்தனை ஊசிதான்க்கா போடுவாங்க? நாளைக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. இன்னைக்கும் நாளைக்கும் யாருக்கும் லீவு கிடையாது."

உண்மை தொண்டைவரை வந்தது. மேனேஜர் அவள் பாதத்தில் தலையைச் சாய்த்திருந்தது. விழுங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. பூனை இப்படிக் கிடந்தால் கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்று தன் காரையே அனுப்பிவிட்டார். சீட்டில் மாவு ஒட்டக் கூடாதென்று டிரைவர் பேப்பர் விரித்து அவளை உட்கார வைத்தான்.

வழியில் பெரியாஸ்பத்திரி வந்தது. வாசலில் வரிசை வளைந்து நின்றது.

"தம்பி, இங்க கொஞ்சம் நிறுத்தேன். ஒரு ஊசி போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"நேரா போய் நேரா வரணும்னு சொல்லியிருக்காருக்கா. என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க."

பூனை டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். கட்டியை இரண்டு விரலால் தடவினார், காய்ச்சல் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"யாரையாவது கடிச்சுதாம்மா? கடிச்சிருந்தா சொல்லிடணும்."

டிரைவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காதுக்குப் போனால் முதலாளி காதுக்குப் போன மாதிரிதான். அவள் மணிக்கட்டைப் பூனையின் வயிற்றுக்கு அடியில் நகர்த்தினாள்.

"இல்லைங்க. சாது."

பயப்பட ஒன்றுமில்லை, சிலதுக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவர வேண்டும், மற்றபடி இரண்டு நாள் தொந்தரவு செய்யாமல் படுக்க விட்டால் போதும்.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் வரிசை இல்லை. சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் மூடிக் கிடந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. டிரைவருக்குத் தெரியாமல் முகத்தை மேனேஜரின் முதுகில் அழுத்திக்கொண்டாள்.

மில்லில் மேஸ்திரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசி போட்ட உடம்பாம். வலி இருக்குமாம். ரெண்டு நாள் ஓய்வு குடுக்கணுமாம்."

"குடுத்துட்டாப் போச்சு" என்றார் அவர். சத்தம் ஆகாதென்று பக்கத்துச் சல்லடை மிஷினை நிறுத்தச் சொன்னார். மெத்தென்று ஏதாவது வேண்டுமே என்று சுற்றிப் பார்த்து, அவள் உட்கார்ந்து தைக்கிற மடித்த சாக்கை எடுத்து மூலையில் விரித்தார். மேனேஜர் அதில் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடியது.

காலையிலிருந்து தேங்கிய மூட்டைகள் வாய் திறந்து காத்திருந்தன. அக்கா ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நின்றபடியே தைக்கத் தொடங்கினாள்.