ஜிம்மியின் வாடை

1996 ஆகஸ்டில், சுரங்க டவுன்ஷிப்பின் பதினாறாம் பிளாக்கில் லூர்துசாமியின் நாய் ஜிம்மி செத்தது. அதன் வாடை சாகவில்லை. புதைத்த மறுநாள், முதல் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்றதும், வாடை எழுந்து கேட் வரை போய் லூர்துசாமியோடு திரும்பி வந்தது. பிறகு மகள் கிறிஸ்டினாவின் கட்டிலுக்கடியில் சுருண்டுகொண்டது. அவர் மனைவி சவரியம்மாள் பினாயில் ஊற்றினாள், சாம்பிராணி போட்டாள், சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தாள். வாடை தும்மியதே தவிரப் போகவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமி வந்து சொன்னாள்: "உயிரோட இருந்தப்பவாவது உங்க வாசல்ல படுத்துச்சுக்கா. இப்ப எங்க வாசல்ல படுத்துகினு இருக்குது. தாண்டித்தான் கோலம் போட வேண்டியிருக்கு."

சவரியம்மாளுக்கு அந்தக் கேலி உறைக்கவில்லை. கிறிஸ்டினாவுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது, அதுதான் உறைத்தது. விருத்தாசலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், வாடை ஓடிப்போய் மாப்பிள்ளையின் தாயாருடைய மடியில் ஏறியதும் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்கள். கடலூர்க்காரர்கள் வாசற்படியோடு திரும்பினார்கள். மந்தாரக்குப்பத்துக்காரர்கள் கேள்விப்பட்டு, வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் கிறிஸ்டினா பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கையை நீட்டி எதையோ வெகுநேரம் தடவிக்கொண்டிருப்பாள். இப்படி மூன்று வருடம் போனது.

லூர்துசாமி இருபத்தெட்டு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கும்போது பாதி தண்ணீர், காய்ந்துவிட்டால் கண்டதையும் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். டிபன் கேரியரின் அடித்தட்டில் தினமும் இரண்டு கட்டி வந்தது. மொட்டைமாடியில் பரப்பினார். "ரெண்டு நாள் போதும். அதுக்கு மேல காஞ்சா கரிக்கு அளவு தெரியாது" என்றார். "அரைகுறையா வச்சு இந்தப் பண்ருட்டி எடமும் தட்டிப் போவணுமா? காயட்டும்" என்றாள் சவரியம்மாள். அக்னி நட்சத்திரம் இருபத்தைந்து நாளும் கரி காய்ந்தது.

அறைக்கு ஒரு கூடை வைத்தார்கள். முதல் நாள் பினாயில் நெடி போனது, இரண்டாம் நாள் மீன்குழம்பு. மூன்றாம் நாள் ஜிம்மியின் வாடை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து, வீட்டை ஒருமுறை சுற்றிவிட்டுக் கூடைக்குள் இறங்கியது. "ஜிம்மி போயிட்டான்மா" என்றாள் கிறிஸ்டினா. கரி நிற்கவில்லை. தேங்காயெண்ணெயைக் குடித்தது, பவுடரைக் குடித்தது. மல்லிகைப் பூ வாசற்படி தாண்டியதும் காகிதமானது. ஒரு காலையில் மகளுக்குத் தலை வாரும்போது சவரியம்மாள் குனிந்து முகர்ந்தாள். உச்சியில் ஒன்றுமில்லை. கழுத்தில், தலையணையில், கழற்றிப் போட்ட ஜாக்கெட்டில் ஒன்றுமில்லை. அப்போதே கூடைகளைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாம். பண்ருட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அன்று புதன். சவரியம்மாள் ஜடையைப் பின்னி முடித்தாள். கூடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் தாயார் கூடத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். "நாய் வளத்த வூடுன்னு சொன்னாங்க. எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள். அன்றே பூ வைத்தார்கள். கல்யாணம் முடிந்ததும் லூர்துசாமி அந்தக் கரியை வந்த வழியிலேயே, தினம் இரண்டு கட்டியாகச் சுரங்கத்தில் சேர்த்தார். எந்த ஊரிலோ விளக்காக எரிந்திருக்கும்.

அடுத்த பலாப்பழக் காலத்தில் சவரியம்மாள் பண்ருட்டிக்குப் போனாள். சம்பந்தி வீட்டில் பழ வாசமும், முந்திரித்தோல் எண்ணெயும், மாப்பிள்ளையின் வியர்வையும் இருந்தன. மகளுடையது இல்லை. மாப்பிள்ளை, கட்டிலில் கிறிஸ்டினா உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்காரப் போனார்; அவள் பழக்கப்பட்டவள்போல் நகர்ந்தாள். சம்பந்தியம்மாள் தனக்கும் புருஷனுக்கும் மகனுக்கும் விருந்தாளிக்குமாக நான்கு தட்டு வைத்தாள். "எண்ணிகினுதாங்க வைக்கிறேன். எப்படியோ தெனம் ஒண்ணு கொறஞ்சுடுது" என்றாள். அதில் வஞ்சனை ஏதும் இல்லை. கிறிஸ்டினா எழுந்துபோய்த் தட்டு எடுத்து வந்து, அம்மாவின் முகத்தைப் பாராமல், தானே பரிமாறிக்கொண்டாள். நல்ல சாப்பாடுதான். சவரியம்மாள் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்த வீட்டில் ஐந்து தட்டு வைத்தார்கள். ஆறாவதைக் கிறிஸ்டினா தானே எடுத்துக்கொண்டாள். அவர்கள் யாரும் அவளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.