பன்னிரண்டாம் எண் வீட்டில் நின்ற பேருந்து

இறக்கச் சாலையில் பன்னிரண்டாம் எண் வீட்டின் கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூசியாலான பேருந்து ஒன்று நின்றது. நீளம் ஒன்பதடி, நிறம் கறுப்பு, இடப்பக்கக் கண்ணாடி சற்றே வளைந்திருந்தது. அந்த வீட்டுத் தையல்காரி துடைப்பத்தால் அதை இரண்டு முறை கலைத்துப் பார்த்தாள். தூசி எழும்பி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்தில் தொடங்கி மறுபடியும் ஒழுங்காகப் பேருந்தாகவே அமர்ந்தது. மூன்றாம் முறை இருமல் பிடித்துக்கொண்டதால், அதை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவமனைக்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளை அங்கிகளை உள்ளறைக்கு மாற்றினாள். வீட்டில் எல்லோரும் அன்றிலிருந்து கூடத்தில் ஒருக்களித்து நடக்கப் பழகினார்கள்.

அது சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளி அல்ல. அவள் ஊசி பொறுக்கும் காந்தத்தில் பல ஆண்டுகளாகவே கறுப்புத் தாடி முளைத்துக்கொண்டிருந்தது. காலையில் மழித்தால் மாலைக்குள் வளர்ந்துவிடும். வண்டிகள் பிரேக் பிடிக்கும்போது தேயும் இரும்பும் கரியும் பொடிப் பொடியாகக் காற்றில் ஏறி, சன்னல் வழியே வந்து நெஞ்சுக்குள் குடியேறுகின்றன என்றார் மருத்துவர். குளிர்காலத்துக்குள் வீடு மாறாவிட்டால் நுரையீரல் தாங்காது என்றும் சொன்னார். “மெஷினைத் தரையோட போல்ட் போட்டு முடுக்கிப் பதினெட்டு வருஷமாச்சு டாக்டர். என்னையும் அதோட சேத்துத்தான் முடுக்கியிருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நகரத்துக் காற்றுக்குப் படம் போட்டவளே அவளுடைய நாத்தனார்தான். கணக்குக்காரி என்றால்தான் அவளை யாருக்கும் தெரியும். காற்று அலுவலகத்தில் உட்கார்ந்து, நகரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வண்டி போகிறது, எங்கெங்கே பிரேக் பிடிக்கிறது, ஒரு மிதிக்கு எவ்வளவு பொடி உதிர்கிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையெல்லாம் கணினிக்கு ஊட்டினாள். மோசமான கட்டம் சிவப்பு, சுத்தமான கட்டம் பச்சை. சிவப்புக்கு மட்டும்தான் மாநகராட்சி ஏதாவது வழி செய்யும். பன்னிரண்டாம் எண் வீடு பச்சைப்பசேலென்று இருந்தது.

“உன் படத்துல என் வீடு பச்சையாமே? வந்து நின்னு ஒரு மூச்சு இழு, பாப்போம்” என்றாள் அண்ணி. கணக்குக்காரி வந்தாள், மூச்சை இழுத்தாள், கால் மணி நேரம் இருமினாள், பிறகு அண்ணியின் இஞ்சு டேப்பை வாங்கிப் பேருந்தை அளந்தாள். மறுநாள் அவளுடைய மேலதிகாரியே நேரில் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். பதிவெண் இல்லாத வண்டியைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றும், மாதக் கடைசியில் படம் அச்சுக்குப் போய்விடும் என்றும் சொல்லி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

எட்டு நாள் அவள் கணினியோடு மல்லுக்கட்டினாள். காற்றை மாற்றினாள், கட்டடங்களை உயர்த்தினாள், தேய்மானத்தை இரட்டிப்பாக்கினாள். ஊரே சிவந்தது, அந்த வீடு மட்டும் பிடிவாதமாகப் பச்சையாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் வெறுத்துப்போய், தன் அண்ணன் ஓட்டும் பேருந்தில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். தையல்காரியின் கணவனான அவன் இருபது ஆண்டுகளாக அதே தடத்தில்தான் ஓட்டினான். பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு முன்னால் சிக்னல் இல்லை, நிறுத்தம் இல்லை, குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் பேருந்து தலை குனிந்து நிமிர்ந்தது.

“இங்க எதுக்குண்ணே பிரேக் போட்ட?”

“ஸ்பீட் பிரேக்கர் இருக்குல்ல.”

“எங்க இருக்கு? அதைப் பேத்து எடுத்துப் பதினோரு வருஷமாச்சே!”

அவன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்த சாலையைப் பார்த்தான். பிறகு தன் வலது காலை, யாரோ அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அன்று அவள் அண்ணி வீட்டுச் சன்னலருகே நின்று ஒரு மணி நேரம் எண்ணினாள். போனவை இருநூற்றுப் பதினான்கு வண்டிகள். அங்கே பிரேக் போடாதவை ஐந்து, அந்த ஐந்திலும் பிரேக்கே இல்லை. வேகத்தடையைக் கண்ணால் பார்த்திராத இளவட்டங்களும், முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பழகிப்போய் மிதித்தார்கள். “நான் ரோட்டைத்தான் கணக்குல போட்டேன். காலைப் போடலையே அண்ணி!” என்று தலையில் அடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி, இல்லாத வேகத்தடையைக் கணினியில் ஏற்றினாள். கட்டம் சிவந்தது. அதோடு நிற்காமல், திரையில் தூசி ஒன்பதடிப் பேருந்தாக வந்து நின்றது, இடப்பக்கக் கண்ணாடி வளைவு உட்பட. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மேலதிகாரி மனமிறங்கி, ‘இங்கே வேகத்தடை இல்லை’ என்று ஒரு பலகை வைத்தார். அதைப் படிப்பதற்காக எல்லோரும் பிரேக் போட்டார்கள். ஒரு வாரத்தில் கூடத்துப் பேருந்து ஒன்றரையடி வளர்ந்து, பின்கதவும் வைத்துக்கொண்டது. பலகையைப் பிடுங்கச் சொன்ன கணக்குக்காரி, மறுபடியும் கணக்கைப் போட்டு எழுதிக் கொடுத்தாள்: காலையில் முதலில் இறங்கும் வண்டி அங்கே மிதிக்காமல் போனால், பின்னால் வருபவன் சிவப்பைப் பார்க்க மாட்டான், மதியத்துக்குள் எல்லாக் கால்களும் மறந்துவிடும், மாலை நான்கு பத்துக்குத் தூசி வீட்டை விட்டுக் கிளம்பும்.

காலையில் முதலில் இறங்குவது அண்ணனின் பேருந்து. மூன்று நாள் முயன்றான். மூன்று நாளும் கால் தன்னிஷ்டத்துக்கு மிதித்தது. நான்காம் நாள் தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வீடு நெருங்கியதும் அவன் தோளில் கை வைத்துச் சொன்னாள்: “அங்க பாக்காதீங்க. நான் வீட்ல இல்ல. இங்க உங்க பின்னாடிதான் இருக்கேன்.”

கால் அசையவில்லை. பன்னிரண்டாம் எண் வீடு சன்னலோரம் வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. அடுத்த வண்டியும் மிதிக்கவில்லை, அதற்கடுத்ததும் மிதிக்கவில்லை. மதியத்துக்குள் சாலை தண்ணீர் போல ஓடியது. பேருந்துக்குள் அவன் வெட்கமில்லாமல் விசிலடித்தான்.

மாலை நான்கு ஒன்பதுக்கே கூடத்துப் பேருந்து சத்தமில்லாமல் நகர்ந்தது. மூன்றடி வாசலில் மூச்சைப் பிடித்து ஒடுங்கி வெளியேறி, வளைந்த கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு, எங்கேயும் பிரேக் போடாமல் அடிவாரத்துப் பணிமனைக்குப் போய்க் கடைசி இடத்தில் நின்றது. வீட்டு வாசலுக்கு எதிரே கைக்கடிகாரத்தோடு காத்திருந்த மேலதிகாரி, ஒரு நிமிடம் முந்திவிட்டதாகக் குறித்துக்கொண்டு, தானே முதலில் கைதட்டினார். மழை வந்தால் பணிமனைக்காரர்கள் அதன்மேல் தார்ப்பாய் போடுகிறார்கள்.

குளிர்காலம் வந்தது. காந்தம் தாடியில்லாமல் பளபளத்தது. ஒரு சாயங்காலம், வெள்ளைத் துணிக்கட்டைச் சுமந்துகொண்டு நாத்தனாரோடு திரும்பிய தையல்காரி, பணிமனைக்குள் எட்டிப் பார்த்து, தூசிப் பேருந்தின் கண்ணாடியை வழக்கம்போலத் துடைத்துவிட்டு, இறக்கச் சாலையில் மேல்நோக்கி நடந்தாள். வழியெல்லாம் பேச்சு, ஓரிடத்திலும் இருமவில்லை. வீடு நெருங்கியதும், பின்தங்கிப்போன கணக்குக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் நில்லுங்க அண்ணி என்று கெஞ்சினாள்.

“எங்க வீட்டு முன்னாடி யாரும் நிக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டதே நீதானேடி” என்று சொல்லி, அண்ணி ஏறிக்கொண்டே போனாள்.